கருப்பை சுத்திகரிப்பு பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மாதவிடாயை ஒட்டி வந்துபோகும் அடிவயிற்று வலிக்கு வைத்தியம் தேடுகிறீர்களா? 'ஹார்மோன் சீரமைப்பு', 'கருப்பை சுத்திகரிப்பு' என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடங்களில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போன மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வியாபாரம் பல பெயர்ப்பலகைகளின் கீழ் நடக்கிறது, முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

எனக்கு இரத்தப்போக்கு தொடங்கும் முன்பே வலி தொடங்கிவிடும். முதுகின் அடிப்பகுதியில் பிடித்து, தொடை வரை இழுக்கும். அந்த நாட்களில் மலம் கழிக்கப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடிதான் உட்கார வேண்டியிருக்கும். மாதவிடாய் முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். வலி எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று அந்த மையத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'ஆலோசகர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். அறிக்கை வந்ததும் வலது சினைப்பை பற்றிய வரியில் இருந்த '19 மி.மீ.' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இதுதான் உங்கள் நீர்க்கட்டி மேடம். விட்டால் பெரிதாகும்" என்றார். குழந்தை பெற்றுக்கொண்டால் இந்த வலியெல்லாம் தானே போய்விடும் என்ற இலவச அறிவுரை வேறு.

பொடி டப்பாக்கள், மாத்திரைக் குப்பிகள், எண்ணெய் ஒத்தடம் என்று ஒரு பை நிறையத் தந்தார்கள். எந்தக் குப்பியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. கேட்டதற்கு, "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்ற பதில். ரசீதில் 'மருந்து' என்ற சொல்லே கிடையாது. 'வாழ்க்கைமுறை ஆலோசனைக் கட்டணம்' என்றிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த வரியைத்தான் கேடயமாக நீட்டினார்கள்: ஆலோசனை தந்தாகிவிட்டதாம், திருப்பித் தர எதுவும் இல்லையாம்.

இதையெல்லாம்கூடப் பணம் போனதோடு விட்டுவிடலாம். வலி அதிகமாகிறது என்று தொலைபேசியில் சொன்னபோது, "நல்லதுதான், நச்சு வெளியேறுகிறது" என்றார்களே, அதை மன்னிக்க முடியாது. சினைப்பை முறுக்கிக்கொண்டாலும், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டாலும் அடிவயிற்றில்தான் கடுமையாக வலிக்கும். திடீரென்று ஒரு பக்கமாகக் கொல்லும் வலி, மயக்கம், வாந்தி, காய்ச்சல் என்று எது சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சு வெளியேறட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிறகு பார்த்த மகப்பேறு மருத்துவர் காகிதங்களைத் தொடும் முன் கேள்விகளைத்தான் கேட்டார். வலி சுழற்சியின் எந்த நாட்களில் வருகிறது, மலம் கழிக்கும்போதும் சிறுநீர் போகும்போதும் வலிக்கிறதா, தாம்பத்திய உறவில் வலி உண்டா. அதன் பிறகுதான் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தார். எடுத்தது சுழற்சியின் நடுவில். கருமுட்டை வெளியேறும் முன் அது இருக்கும் நுண்பை சுமார் 20 மி.மீ. அளவுக்கு வளர்வது இயல்பு. முட்டை வெளியேறியதும் சுருங்கிவிடும். என் உடல் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை நோய் என்று சொல்லி எனக்கே விற்றிருக்கிறார்கள்! அறிக்கையின் கடைசி வரியில் 'குறிப்பிடத்தக்க மாறுபாடு எதுவும் இல்லை' என்று அச்சாகியிருந்தது. சிவப்பு மை அங்கே போகவே இல்லை.

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்பது மருத்துவரின் சந்தேகம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் அது. இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. வயிற்று உள்ளுறையின் மேல் படிந்திருக்கும் சிறு திட்டுகள் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே 'ஸ்கேன் சரியாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பி வைப்பவர்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முன்பு லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தி, கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி நெறிமுறை, அதற்குக் காத்திராமல் அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் மாத்திரைகளைத் தொடங்கலாம் என்கிறது. இந்த நோய்க்கு வைத்தியம் என்ற பெயரில் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. ஆலோசகர் அம்மையாருக்கு இதை யாராவது அனுப்பி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

மையம் தந்த குப்பிகளை மருத்துவரிடம் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகித்துச் சொல்லவே மறுத்துவிட்டார், சாப்பிடுவதை உடனே நிறுத்தச் சொன்னார். இப்போது புரோஜெஸ்டோஜென் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் தாழ்ப்பாளைப் பிடிக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் ரசீது, குப்பி, குறுஞ்செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள். புகார் எழுதும்போது அவைதான் கைகொடுக்கும். பணத்தைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாம் கட்டப் பேக்கேஜுக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டு என்ற செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.