வீட்டுப் பின்புறச் சறுக்குத்தளம்: தார்ப்பாயா, மிதித்த பனியா?

கனடாவில் வீட்டுப் பின்புறம் பனிக்கட்டிச் சறுக்குத்தளம் போட இரண்டு வழி உண்டு. பலகைச் சட்டம் அடித்து, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி உறைய விடலாம். இல்லையென்றால், விழுந்த பனியை மிதித்து இறுக்கி, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து உறைய வைக்கலாம்.

பாய்க்குக் காசு போகும். ஆனால் தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் தண்ணீர் தானே மட்டமாகிவிடும். 6 மீட்டருக்கு 12 மீட்டர், 10 செ.மீ. ஆழம் என்றால் 7,200 லிட்டர்! பள்ளப் பக்கப் பலகைக்கு வெளியே முட்டுக் கொடுக்காவிட்டால் பிதுங்கிவிடும். பாய் வெள்ளையாக இருக்கட்டும். அடர்நிறம் வெயிலை இழுத்து அடியிலிருந்து உருக்கும்.

பனி வழியில் பொறுமைதான் செலவு. மைனஸ் 10 டிகிரி இரவில், நனைந்த கையுறை விறைத்துப்போக, மெல்லிசாக ஒரு படலம் தெளிக்க வேண்டும். அது இறுகியபின் அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் மேலே மட்டும் உறைந்து, அடியில் தண்ணீர் வடிந்து வெற்றிடமாகும். சறுக்குக் காலணி பட்டதும் அப்பளம்தான்.

ஒட்டாவா மாதிரி குளிர் நிலைக்கும் ஊரென்றால் பனியே போதும். டொராண்டோவில் ஜனவரியிலும் மழை பெய்யும். அங்கே என் ஓட்டு பாய்க்குத்தான். உருகினாலும் தண்ணீர் உள்ளேயே நின்று மறுபடி உறையும், பாயில் ஓட்டை விழாதவரை.