ஜிஆர்86ஐ வித்துட்டு பழைய எம்ஆர்2 வாங்கலாமா? ரெண்டையும் ஓட்டினவன் சொல்றது

ஸ்பெக் ஷீட்டை மட்டும் வெச்சுப் பார்த்தா இந்த ஒப்பீடே வெட்டி வேலை மாதிரி இருக்கும். 2021ல வந்த டொயோட்டா ஜிஆர்86ல 2.4 லிட்டர் பாக்ஸர் என்ஜின் (சிலிண்டர் எல்லாம் ரெண்டு பக்கமும் படுத்திருக்கற வகை), அமெரிக்க கணக்குல 228 எச்.பி., 3700 ஆர்பிஎம்லயே 250 நியூட்டன் மீட்டர் டார்க். என்கிட்ட இப்ப நிக்கறது அதே டொயோட்டாவோட 94 மாடல் எம்ஆர்2, எஸ்டபிள்யூ20ன்னு சொல்ற ரெண்டாவது தலைமுறை, டர்போ இல்லாத 2 லிட்டர் என்ஜின், கம்பெனில இருந்து வெளிய வந்தப்பவே 180 பிஎஸ்தான் (இதுவும் எச்.பி. மாதிரி குதிரைத்திறன் கணக்குதான்), முப்பது வருஷம் ஓடினதுக்கப்புறம் அதுல எத்தனை குதிரை இன்னும் உயிரோட இருக்கோ கடவுளுக்கே வெளிச்சம். எடையாவது ரொம்ப கம்மியான்னு பார்த்தா அதுவும் இல்ல, இது சுமாரா 1200 கிலோ, அது 1270 பக்கம். ஆக புதுசுதான் வேகம், புதுசுதான் சேஃப்டி, புதுசுக்குத்தான் வாரண்டி. ரெண்டு வருஷம் ஓட்டின ஜிஆர்86ஐ குடுத்துட்டு இதை வாங்கினேன்னு சொன்னா பாதி பேர் புத்தி கெட்டுப் போச்சான்னு கேக்கறாங்க, மீதி பேர் எங்க கெடைச்சுதுன்னு கேக்கறாங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இந்த ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கற உண்மையான வித்தியாசம் ஸ்பீடு இல்ல, வளைவு நடுவுல பயந்து போய் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா என்ன ஆகும்ங்கறதுதான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஜிஆர்86ல எடை முன்னாடி 53, பின்னாடி 47 சதவீதம்னு வரும். என்ஜின் முன்னாடி, ஆனா பாக்ஸர்ங்கறதால தாழ்வா படுத்துக் கெடக்கும். வளைவுல கொஞ்சம் வேகமா போயிட்டோம்னு தோணி காலை எடுத்தா முன் டயருக்கு பாரம் வரும், மூக்கு கொஞ்சம் உள்ள திரும்பும், பின்னாடி லேசா அசையும், அவ்ளோதான். அதுக்கு மேல அசைஞ்சா ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள பூந்து ஒவ்வொரு சக்கரமா பிரேக் புடிச்சு நேர் பண்ணிடும். அந்த பட்டனை அமுக்கிப் புடிச்சு எல்லாத்தையும் ஆஃப் பண்ணினாக்கூட வண்டி வழுக்கறது மெதுவாதான் வழுக்கும், நமக்கு யோசிக்க நேரம் குடுக்கும்.

எஸ்டபிள்யூ20ல என்ஜின் நம்ம முதுகுக்குப் பின்னாடி, பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி குறுக்கால உக்காந்திருக்கு, இதைத்தான் மிட்-என்ஜின்னு சொல்வாங்க. எடைல 58 சதவீதம் பக்கம் பின்னாடி. தண்ணிக் குடத்தை இடுப்புல அணைச்சு வெச்சுக்கிட்டு திரும்பறதுக்கும் கைய நீட்டி தூக்கிப் புடிச்சுக்கிட்டு திரும்பறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் இருக்கும், அதுதான் மேட்டர். பாரம் எல்லாம் நடுவுக்கு பக்கத்துல இருக்கறதால வண்டி சடக்குனு திரும்பும். முதல் தடவை ஓட்டறப்ப ஸ்டியரிங்கை தொட்டதுக்கே மூக்கு போயிடும், முன்னாடி எதுவுமே இல்லாத மாதிரி லேசா இருக்கும், ஆஹான்னு இருக்கும். ஆனா சடக்குனு திரும்பற பொருள் சடக்குனு சுத்தவும் செய்யும், இதை யாரும் வாங்கறதுக்கு முன்னாடி நெனச்சுப் பார்க்கறதில்ல. வளைவுல காலை எடுத்தா பாரம் முன்னாடி ஓடும், பின் டயர் லேசாகும், ஆனா அந்த பின் டயர்தான் அத்தனை எடையையும் வெளிப்பக்கம் போகாம புடிச்சுக்கிட்டிருக்கு, அது விட்டுதுன்னா பின்பக்கம் நம்மளை ஓவர்டேக் பண்ணப் பார்க்கும். ஸ்னாப் ஓவர்ஸ்டியர்னு இந்த வண்டி பேரோட ஒட்டிக்கிட்ட கெட்ட பேர் இதாலதான்.

வாங்கின மூணாவது வாரம் ஈர ரோட்டுல ஒரு ரவுண்டானா, வேகம்னு சொல்ற அளவுக்குக்கூட இல்ல, நடுவுல ஒரு வேன் குறுக்க வர்ற மாதிரி தெரிஞ்சுது, ஜிஆர்86 பழக்கத்துல காலை முழுசா எடுத்துட்டேன். அடுத்த நொடி வந்த வழியை பார்த்து நிக்கறேன். யார் மேலயும் இடிக்கல, வேன்காரர் என்னை பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கல. தப்பு முழுக்க என்னோடது. வண்டி செய்யும்னு எல்லாரும் சொன்னதைத்தான் செஞ்சுது, அதுவும் பின் டயர் ஏழு வருஷப் பழசு, அதை மாத்தாம ஓட்டினதும் நான்தான்.

அதுக்கப்புறம் ஓட்டற விதமே மாறிடுச்சு. பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே நேரா இருக்கறப்பவே முடிச்சுக்கணும், கியரையும் முன்னாடியே போட்டுக்கணும், உள்ள நுழைஞ்சதும் ஆக்ஸிலேட்டர் மேல காலை லேசா வெச்சுக்கிட்டே போகணும், பயம் வந்தாலும் காலை மெதுவாதான் தளர்த்தணும், சட்டுனு தூக்கக்கூடாது. ஜிஆர்86ல வளைவுக்குள்ள போனதுக்கப்புறம் முடிவை மாத்திக்கலாம். இதுல வளைவு வர்றதுக்கு முன்னாடியே முடிவெடுத்து முடிச்சிருக்கணும். சிலருக்கு இது டென்ஷன், எனக்கு இதுதான் வண்டி ஓட்டறதுலயே பிடிச்ச விஷயமா ஆயிடுச்சு, அறுபதுல போனாலும் மனசு முழுக்க ரோட்டுலயே இருக்கு.

டொயோட்டாவும் சும்மா இருக்கல. 89ல வந்த முதல் வெர்ஷன்ல 14 இன்ச் வீல், பின்னாடி 205 டயர்தான். 92 வாக்குல சஸ்பென்ஷன் ஜாமெட்ரியை மாத்தினாங்க, பிரேக்கை பெருசாக்கினாங்க, 15 இன்ச் வீல் குடுத்து முன்னாடி 195, பின்னாடி 225னு டயர் அகலத்தை கூட்டினாங்க. அதனால வாங்கறதா இருந்தா 92 ரிவிஷனுக்கு அப்புறம் வந்ததை மட்டும் தேடுங்க. இன்னொரு சின்ன விஷயம், முன்னாடி பின்னாடி ஒரே அகலத்துல டயர் போட்டு வெச்சிருக்கற வண்டியை பார்த்தா, முந்தின ஓனருக்கு இதெல்லாம் புரியலைன்னு அர்த்தம், அப்ப அவர் மத்ததை எப்படி பார்த்திருப்பாருன்னு யோசிச்சுக்கோங்க. டயர் ஓரத்துல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. கோடு ஆழமா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, ரப்பர் கட்டை ஆயிருக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு ஜிஆர்86ஐ மட்டமா பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. 2012ல வந்த முதல் 86ல டார்க் மேல 6400க்கு போனாதான் முழுசா வரும், நடு ரேஞ்சுல ஒரு பள்ளம் வேற, புதுசுல அதை சரி பண்ணிட்டாங்க, செகண்ட் கியர்ல வளைவை விட்டு வெளிய வர்றப்ப இழுக்கற இழுவை என் எம்ஆர்2ல சத்தியமா இல்ல. டார்சன் டிஃபரென்ஷியல் இருக்கறதால உள் சக்கரம் சும்மா சுத்தறதும் இல்ல. சீட்டு அருமை, கியர் ஷிஃப்ட் கச்சிதம். எனக்கு குறைன்னு பட்டது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியா கூட்டி விடறது, ஒரு தடவை தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் காது அதையேதான் தேடும். ரெண்டாவது எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், துல்லியம்னா துல்லியம், ஆனா ரோடு என்ன சொல்லுதுன்னு பாதிதான் கைக்கு வரும். எம்ஆர்2ல முன்னாடி பாரம் கம்மிங்கறதால டயர் எப்ப புடி விடப் போகுதுன்னு விரல்லயே தெரியும், அதோட காதுக்கு ஒரு அடி பின்னாடி உண்மையான என்ஜின் காத்தை உறிஞ்சற சத்தம்.

பராமரிப்புக்கு வருவோம், ஆசை எல்லாம் இங்கதான் வடியும். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிக்கக்கூடாதுன்னு சொல்வாங்க, இங்க அங்குசம்தான் யானையை விட செலவு. ரேடியேட்டர் முன்னாடி, என்ஜின் பின்னாடி, ஆக கூலன்ட் வண்டி அடில நீளமான பைப் வழியா போயிட்டு வரணும். அந்த பைப்ல துரு புடிச்சுதுன்னா முடிஞ்சுது, என்ஜின் சூடேறிடும். கூலன்ட் மாத்தறதே ஒரு சடங்கு மாதிரி, ரேடியேட்டர் பக்கம் ஒரு இடம், ஹீட்டர் பக்கம் ஒரு இடம்னு டியூப் மாட்டி காத்தை முழுசா வெளியேத்தணும், எங்கயாவது காத்து மாட்டிக்கிச்சுன்னா மீட்டர் முள் சொல்றதை நம்பவே முடியாது. நான் மொத தடவை பண்ணினப்ப ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு. ஜிஆர்86ல இதெல்லாம் யோசிச்சதே இல்ல, சர்வீஸுக்கு விட்டோமா எடுத்தோமான்னு இருந்தேன். ஆனா ஒண்ணு, அதுலயும் ஸ்பார்க் பிளக் மாத்தறது சுலபம்னு நெனக்காதீங்க, பாக்ஸர் என்ஜின் ரெண்டு பக்கமும் பாடியை ஒட்டி நிக்கறதால அங்கயும் கைய விட இடம் இருக்காது.

டர்போ வெர்ஷன்னா இன்னும் கஷ்டம். என்ஜின் பே முழுக்க பைப்பும் ஹோஸும், அதுல ஒரு கூலன்ட் ஹோஸுக்கு ஓனருங்க வெச்சிருக்கற செல்லப் பேரே நரகத்து ஹோஸ்தான், மாத்தறதுக்கு அதை சுத்தி இருக்கற பாதியை கழட்டணும். இதோட ரப்பர் புஷ், இன்ஜெக்டர் சீல், டைமிங் பெல்ட், டி-பார் ரூஃப் (கூரைல ரெண்டு பலகையை கழட்டி எடுக்கற வகை) இருந்தா அதோட ரப்பர், எல்லாத்துக்கும் ஒரே வயசு, எல்லாம் ஒரே நேரத்துல பல்லைக் காட்டும். நான் போன முதல் மெக்கானிக் பானெட்டை தொறந்து ஸ்டெப்னியை பார்த்துட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு, அப்பவே வேற ஆளைத் தேடியிருக்கணும்.

சேஃப்டில பேச்சே இல்ல, ஜிஆர்86தான். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அமெரிக்காவுல 2012 மாடல்ல இருந்தும் ஐரோப்பாவுல 2014ல இருந்தும் புது கார் எல்லாத்துலயும் கட்டாயம், எஸ்டபிள்யூ20 அதுக்கெல்லாம் ரொம்ப முந்தின காலம். ஏபிஎஸ், ஏர்பேக்கூட எந்த நாட்டுக்கு எந்த வருஷம் போன வண்டிங்கறதைப் பொறுத்துதான், எல்லாத்துலயும் இருக்கும்னு எடுத்துக்காதீங்க. இது எனக்கு உறுத்தாம இல்ல, குழந்தையை அதுல கூட்டிட்டுப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

சாமான் வைக்கறதுல ஜிஆர்86 பின் சீட்டை மடிச்சா நாலு டயரே உள்ள போகும். எம்ஆர்2ல முன்னாடி ஸ்டெப்னிக்கு மேல ஒரு கோட்டு வைக்கலாம், பின்னாடி என்ஜினை தாண்டி ஒரு டிக்கி, கீழ சைலன்சர் இருக்கறதால ஐஸ்கிரீம் வெச்சா வீடு போறதுக்குள்ள பாயசம்.

எம்ஆர்2 வேணாம், வேற மிட்-என்ஜின் பார்க்கலாமான்னா, முதல்ல வாயில வர்றது போர்ஷே பாக்ஸ்டர் 986. 96ல இருந்து 2004 வரைக்கும் வந்தது, ஆறு சிலிண்டர், ஓட்டறதுக்கு எம்ஆர்2வை விட பண்பட்ட வண்டி, காலை எடுத்தாக்கூட இவ்ளோ கோவப்படாது, நெசமா சொன்னா ஜிஆர்86 மாதிரி கூபேல இருந்து மாறறவனுக்கு அதுதான் சுலபமான படி. இதோட பெரிய வியாதி ஐஎம்எஸ் பேரிங், என்ஜினுக்குள்ள ஒரு இடைத்தண்டை தாங்கற அந்த பேரிங் போச்சுன்னா என்ஜினே போச்சு, அதனால மாத்தின பில் இருக்கற வண்டியா பாருங்க, இல்லைன்னா கிளட்ச் மாத்தறப்ப சேர்த்து மாத்திக்க காசு ஒதுக்கி வைங்க. லோட்டஸ் எலீஸ் வேற ஜாதி, 96ல வந்த முதல் வெர்ஷன் 725 கிலோதான், ஒட்டி சேர்த்த அலுமினிய சேஸி, பிரேக்குக்கு பூஸ்டர்கூட கிடையாது. அதோட ரோவர் என்ஜின் ஹெட் கேஸ்கெட் அடிக்கடி போறதுக்கு பேர் போனது, 2004க்கு அப்புறம் டொயோட்டா என்ஜின் போட்ட 111ஆர் வந்தது, எடுத்தா அது. ஆனா அந்த அகலமான ஓரத்தை தாண்டி உள்ள போறதுக்கு இடுப்பு ஒத்துழைக்கணும். எம்ஆர்2வுலயே கடைசியா 99ல வந்த ஓபன் டாப் மாடல் ஆயிரம் கிலோ பக்கம், 1.8 லிட்டர், கைக்கு அடக்கம், ஆனா டிக்கின்னு ஒண்ணு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ஆரம்ப வருஷ வண்டில புகையை சுத்தம் பண்ற முன் கேட்டலிஸ்ட் உடைஞ்சு தூள் என்ஜினுக்குள்ள போற பிரச்சனை வேற. ஹோண்டா என்எஸ்எக்ஸ் பத்தி கேக்காதீங்க, அதை வாங்கறவங்க இந்த மாதிரி கணக்கெல்லாம் போட்டுப் பார்க்கறதில்ல.

டர்போவா சாதாவாங்கற சண்டைல நான் சாதா பக்கம். ஜப்பான் டர்போ முதல்ல 225, அப்புறம் 245 பிஎஸ், கேக்க நல்லா இருக்கும், ஆனா முக்காவாசி வண்டில முந்தின ஓனர் பூஸ்ட்டை (டர்போ உள்ள தள்ளற காத்தோட அழுத்தத்தை) ஏத்தி வெச்சிருப்பாரு, அதுவும் வளைவு நடுவுல பூஸ்ட் திடீர்னு வர்றது, காலை எடுத்தா வர்ற ஆபத்தோட காலை வெச்சாலும் வர்ற ஆபத்து. மிட்-என்ஜின் இப்பதான் பழகறீங்கன்னா ஒரே நேரத்துல ரெண்டு பாடம் எதுக்கு.

வீட்டுல இருக்கறதே ஒரே வண்டி, தெனமும் ஆபீஸுக்கு அதுதான்னா ஜிஆர்86ஐ தொடாதீங்க, வெச்சுக்கோங்க. எனக்கு தினசரி ஓட்ட வீட்டுல இன்னொரு சின்ன கார் இருக்கு, அது இல்லைன்னா அந்த கூலன்ட் ஞாயித்துக்கிழமைக்கு மறுநாளே எம்ஆர்2வை வித்திருப்பேன். வேற வண்டி இருக்கு, மாறத்தான் போறேன்னா, ஜிஆர்86 கைல இருக்கறப்பவே யாராவது ஒருத்தரோட மிட்-என்ஜின் வண்டியை காலியான, ஈரமான ஒரு மைதானத்துல ஓட்டிப் பாருங்க, வேணும்னே வட்டமா போய் வேணும்னே காலை எடுங்க. சுத்தி நின்னதும் சிரிப்பு வருதா, இறங்கி நடக்கணும்னு தோணுதான்னு அங்கயே தெரிஞ்சுடும்.