இலவச லொஃப்ட் பரிசோதனைக்கு ஆள் வந்தால் கவனம்

"அரசாங்கத் திட்டத்தில் போட்ட இன்சுலேஷனை இலவசமாகச் சரிபார்க்கிறோம்" என்று போன் வந்தால் ஆளை உடனே லொஃப்டுக்கு (கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள இடம்) ஏணியில் ஏற விடாதீர்கள். லண்டனில் 1930களில் கட்டிய ஒரு செமி வீட்டில் (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது), தை மாதக் காலையொன்றில் நடந்தது இது. வந்தவர் ஈரமானியின் இரண்டு ஊசியையும் கைமரத்தில் குத்தினார். 28 சதவீதம். "கூரை உக்கத் தொடங்கிவிட்டது" என்றார். மறுநாளே ஆட்கள் வந்து கைமரம், ஃபெல்ட் (ஓட்டுக்கு அடியில் விரித்த தாள்) எல்லாம் மூடும்படி ஸ்ப்ரே ஃபோம் (அடித்ததும் உப்பி இறுகும் நுரை) அடித்துவிட்டுப் போனார்கள். 4,800 பவுண்.

அந்த 28 பொய்யில்லை. ஆனால் மரத்துக்குள் இருக்கும் ஈரமும் இல்லை. உறைபனிக் காலையில் மரத்தின் மேல் படிந்த தண்ணீரைத்தான் ஊசி காட்டியது. துடைத்துவிட்டு ஆழமாகக் குத்திப் பார்க்கவேண்டும். வைகாசியிலும் 20க்குக் கீழே இறங்காவிட்டால்தான் உக்கல் பயம்.

தண்ணீர் வந்தது கீழேயிருந்து. லொஃப்ட் தரையில் 270 மி.மீ. இன்சுலேஷன் கம்பளி விரித்தால் சூடு வீட்டுக்குள் நின்றுவிடும், லொஃப்ட் குளிர்ந்துவிடும். குளியலறை ஆவி ஹட்ச் (லொஃப்டுக்கு ஏறும் வாயின் மூடி) இடுக்கிலும் குழாய் ஓட்டைகளிலும் ஏறி, குளிர்ந்த ஃபெல்ட்டில் பட்டு வேர்க்கும். ஆணி நுனிகளில் துளி தொங்குவது இதனால்தான். அந்த வீட்டில் இன்னும் இரண்டு கோளாறு: குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் லொஃப்டிலேயே கிடந்தது, கம்பளியைத் தாவாரம் வரை திணித்துக் காற்று வழியை அடைத்திருந்தார்கள். ஃபோம் இரண்டையும் தொடவில்லை. மரத்தை மறைத்ததுதான் மிச்சம். மரம் தெரியாத கூரைக்கு மோர்ட்கேஜ் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். சுரண்டி எடுக்கப் போனால் ஃபெல்ட்டும் கிழிந்து வரும்.

முதலில் கீழே அடையுங்கள்: ஹட்சுக்கு ரப்பர் பட்டி, குழாய் ஓட்டைகளுக்கு சீலன்ட். விசிறிக்கு 100 மி.மீ. இன்சுலேட்டட் குழாய், ஓட்டு வென்ட் (கூரை ஓட்டில் பொருத்தும் காற்றுப் போக்கி) வழியாக வெளியே. குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.

பிறகு தாவாரம். கம்பளியைப் பின்னுக்கு இழுத்து, பிளாஸ்டிக் தட்டு செருகி, ஃபெல்ட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே 50 மி.மீ. விடுங்கள். 15 பாகைக்கு மேல் சரிவுள்ள கூரைக்கு இரு பக்கத் தாவாரத்திலும் நீளம் முழுக்க 10 மி.மீ. இடைவெளிக்குச் சமமான காற்று வழி வேண்டும். அதாவது மீற்றருக்கு 10,000 சதுர மி.மீ. 70 மி.மீ. வட்ட வென்ட் ஒன்றின் ஓட்டையே 3,850தான். வலையைக் கழித்தால் இன்னும் குறையும். மீற்றருக்கு நாலாவது வைக்கவேண்டிய இடத்தில் மூலைக்கு ஒன்று வைத்துவிட்டுக் காசு வாங்குகிறவர்களும் உண்டு! சொஃபிட்டில் (தாவாரத்தின் அடிப்பலகை) துளைக்க முடியாவிட்டால், ஃபெல்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் லாப் வென்ட் செருகலாம். ஒன்று ஓரிரு பவுண்தான், உள்ளேயிருந்தே கையால் செருகிவிடலாம்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். "14 நாளுக்குள் வேலை தொடங்கச் சம்மதம்" என்ற பெட்டியில் டிக் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். மறுநாளே ஆள் வருவது அந்த ரத்து உரிமையைத் தட்டிப் பறிக்கத்தான். கட்டுவதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 வரை என்றால், முழுத் தொகைக்கும் கார்ட் வங்கியிடமே முறையிடலாம்.