கொழும்பிலிருந்து பெட்டிங் ஃபார்ம்: கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா?

மூத்தவள் மொண்டிசூரிக்குப் போன காலத்தில் தொடங்கி, இப்போது சின்னவன் அதே வயதுக்கு வந்து நிற்கும் வரை, மிருகங்களைத் தொட்டுப் பார்க்க விடும் பண்ணைகளுக்கு நாங்கள் குடும்பமாகப் போய் வருகிறோம். அவிசாவளைப் பக்கம், நீர்கொழும்புப் பக்கம், ஹொரணைப் பக்கம் என்று ஒரு திசையையும் விடவில்லை. 2022 மட்டும் விடுபட்டது. காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர் பெட்ரோல் என்று கியூஆர் கோட்டைக் காட்டி வரிசையில் நின்ற நாட்களில் முயல் பார்க்க யார் போவார்கள்?

பண்ணைகளின் பெயர்களை இங்கே போடவில்லை. ஆட்கள் மாறினால் இந்த இடங்கள் தலைகீழாக மாறிவிடுகின்றன. நல்லது என்று நான் சொல்லியனுப்பிய இடத்துக்கு அடுத்த வருடம் போன சிநேகிதி என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இரண்டரையிலிருந்து ஏழு வயதுக்குள், போகும் நேரம் காலை, மிருகத்துக்குப் பக்கத்தில் அதை வளர்க்கும் ஆள் நிற்கிறார் என்றால் கொடுத்த காசு வீண் இல்லை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விஷயம். எத்தனை வகை மிருகம் இருக்கிறது, எமு இருக்கிறதா, பொனி இருக்கிறதா என்று பேஸ்புக் படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பார்க்க வேண்டியது கூட்டுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதை.

காசுக் கணக்கைப் பார்ப்போம். நுழைவுச் சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு "பரவாயில்லையே" என்று கிளம்பினால் பின்னேரம் பர்ஸைத் திறக்கும்போது தெரியும். எங்களுக்கு எப்போதும் சீட்டுக்குப் போனதைவிட மற்றதுகளுக்குப் போனதுதான் கூட. வாகனச் செலவு, ஹைவே கட்டணம், உள்ளே தீனிக் கிண்ணம், பொனி சவாரி, தோளில் கிளி வைத்துப் படம், பிறகு அங்கேயுள்ள ஒரே ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமான பிறகு, பலகையில் போட்டிருக்கும் விலைக்கும் பில்லில் வரும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் வரி உள்ளடக்கம், சில இடங்களில் இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது தீனிக் கிண்ணம். நாலு துண்டு கரட், ஒரு பிடி கங்குன். அந்தக் காசுக்கு வெள்ளவத்தை மார்க்கெட்டில் எங்கள் வீட்டு மத்தியானக் கறிக்கே கங்குன் வாங்கிவிடலாம். வீட்டிலிருந்து கொண்டு போகலாமா என்றால், விட மாட்டார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பாணும் பிஸ்கட்டும் கொடுத்தால் ஆட்டுக்கு வயிறு ஊதிவிடும். முயலுக்குக்கூடக் கரட் இனிப்புப் பண்டம் மாதிரித்தான். அதன் உண்மையான சாப்பாடு பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும். ஆனால் மிருகத்தின் நலனுக்காகத்தான் இந்த விதி என்றால், அதே கரட்டை வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் கிண்ணம் கிண்ணமாக விற்பது ஏன்?

ஒரு தடவை பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த அம்மம்மாவையும் கூட்டிப் போனோம். கிண்ணத்தின் விலையைக் கேட்டுவிட்டு அவ சொன்னது இன்றும் வீட்டில் ஓடுகிறது: "ஆட்டுக்குக் குழை போட நாங்கள் காசு குடுக்கிறதோ? எங்கட வீட்டில எவனாவது வந்து குழை முறிச்சுப் போட்டால் நான் அவனுக்கெல்லோ தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருப்பன்!"

அம்மம்மாவின் கணக்குச் சரி. ஊரில் ஆடும் மாடும் நிற்கும் பெரியம்மா வீடோ சித்தப்பா வீடோ உள்ளவர்கள் இந்தப் பண்ணைகளுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் நின்று பட்டிப்பொங்கலையும் பார்த்துவிட்டு வந்தால், மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்பது தொடங்கி எல்லாம் பிள்ளையின் கையாலேயே நடக்கும். எங்கள் நிலைமை வேறு. ஊரில் இப்போது யாரும் இல்லை. வெள்ளவத்தையில் நாலாம் மாடி, மீன் தொட்டிக்கு மேல் எதையும் அனுமதிக்காத ஃப்ளாட் கமிட்டி. அம்மம்மா வீட்டில் சும்மா கிடைத்ததை நான் பிள்ளைகளுக்கு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்குவது என்றான பிறகு நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டாமா?

நல்லது என்றால் எப்படி இருக்கும் என்பதை ஒரு மனிதர் காட்டினார். ஆட்டுக் கூட்டில் வேலை பார்த்தவர், ஹட்டன் பக்கத்துக்காரர். மகளுக்கு அப்போது நாலு வயது. இலையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, ஆடு கிட்ட வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றாள். அவர் அவசரப்படவில்லை. குந்தியிருந்து, ஆட்டின் மேலுதட்டைப் பெருவிரலால் மெல்லத் தூக்கி, "பாப்பா, இங்க பாரு, மேல பல்லே இல்ல. கீழதான் இருக்கு. கைய நல்லா விரிச்சு வை, அது நக்கித்தான் எடுக்கும்" என்றார். ஆட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல் கிடையாது, தடித்த முரசுதான். கடைவாய்ப் பற்கள் உள்ளே இருக்கின்றன. விரல் உள்ளே போனால்தான் ஆபத்து, விரித்த கையால் கொடுத்தால் பயமில்லை. மகள் முதலில் அந்த முரசைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆட்டின் கண்ணைக் காட்டி "ஏன் இது குறுக்கால இருக்கு?" என்று கேட்டாள். கண்மணி கிடைக்கோடாக இருப்பதால் தலையைக் குனிந்து மேயும்போதும் இரண்டு பக்கமும் தெரியும், நரியோ நாயோ வந்தால் ஓடலாம் என்று அவர் சொன்னார். அவ்வளவுக்கும் அவர் ஒரு சதம் கேட்கவில்லை. அந்த நாளில் நாங்கள் கொடுத்த காசு எல்லாவற்றுக்கும் உரிய பொருள் அந்தக் கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது.

இதற்கு நேரெதிரானதையும் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முயல் கூட்டில் ஒரே ஒரு பையன், அவனுடைய வேலை கிண்ணம் விற்பது. உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒருவன் காதைப் பிடித்துத் தூக்குகிறான், இன்னொருத்தி குழந்தைபோல மல்லாக்க வைத்து ஆட்டுகிறாள், தகப்பன் படமெடுக்கிறார். முயலின் முதுகெலும்பு மெல்லியது, பின்னங்கால் பலமானது. சரியாகத் தாங்காமல் தூக்கும்போது அது திமிறி உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். அசையாமல் இருப்பதைப் பார்த்து "எவ்வளவு சாதுவாக இருக்குது" என்கிறோம். பல நேரம் அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டிகூட அந்தக் கூட்டில் இல்லை. மற்ற முயல்களெல்லாம் ஒரு பலகைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சின்னவன் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கரட்டைத் தானே சாப்பிடத் தொடங்கிவிட்டான்.

காலையில் போகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பிறகு ஆடுகளுக்கு வயிறு நிறைந்துவிடும். உங்கள் கிண்ணத்தை மூக்கால் தட்டிவிட்டுப் போகும். வெயில் ஏற ஏற எல்லாம் நிழலில் படுத்துவிடும், பிள்ளைகளும் அழத் தொடங்கும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஸ்கூல் லீவுகளிலும் போயா தினங்களிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கை கழுவும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நாங்கள் போன ஒரு இடத்தில் பைப் இருந்தது, சவர்க்காரம் முடிந்திருந்தது. கேட்டதற்கு சனிடைசர் போத்தலைக் காட்டினார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2009இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் கோட்ஸ்டோன் என்ற பண்ணையில் ஈ. கோலை ஓ157 கிருமி தொற்றி 93 பேர் நோயாளிகளானார்கள். பெரும்பாலானவர்கள் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு. ஆடு மாடுகள் எந்த நோய்க்குறியும் இல்லாமல் அந்தக் கிருமியைக் குடலில் வைத்திருக்கும். எருவிலிருந்து ரோமத்துக்கு, ரோமத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு வந்துவிடும். சாணம் ஒட்டிய கையில் சனிடைசர் சரியாக வேலை செய்யாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்வதேயில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். இப்போது பையில் ஒரு சவர்க்காரக் கட்டியைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். கையில் ஐஸ்கிரீமோடு கூட்டுக்குள் போக விடுகிற பண்ணையாக இருந்தால் சீட்டு எவ்வளவு மலிவென்றாலும் எனக்கு வேண்டாம். குட்டி போடும் காலத்தில் ஆட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் கர்ப்பிணிகளும் போகக்கூடாது.

அதே காசுக்கோ குறைந்த காசுக்கோ வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெறுமதி பேச முடியாது. எங்களுக்குக் கிட்ட தெஹிவளை மிருகக்காட்சிசாலை. 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பழைய இடம், உள்ளூர்க்காரருக்குச் சீட்டு மலிவு, ஆட்டோவில் போய் வரலாம். ஆனால் கூட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதுதான். தொடுகிற அனுபவம் அங்கே தேடுவதற்கில்லை. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓகஸ்டில் வரும் மச்சாள்மாரைக் கூட்டிப் போவதென்றால் இன்னொரு கணக்கு: அரசாங்க இடங்களில் வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்குக் கட்டணம் பல மடங்கு. பின்னவலை யானைகள் சரணாலயத்திலும் அப்படித்தான். நாங்கள் போன தனியார் பண்ணைகளில் எல்லாருக்கும் ஒரே விலை, ஆகவே அவர்களோடு போகும்போது பண்ணைதான் மலிவாக முடிகிறது.

அம்பேவலையைச் சிலர் இதோடு ஒப்பிடுகிறார்கள். அது உண்மையான பால் பண்ணை, குளிரும் புல்வெளியும் மாடும் கண்ணுக்கு விருந்து. ஆனால் கொழும்பிலிருந்து போய்ப் பார்ப்பதென்றால் ஒரு இரவாவது மலையில் தங்க வேண்டும். நுவரெலியா பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கென்று போகாதீர்கள்.

மூத்தவளுக்கு இப்போது எட்டு வயது. பண்ணை என்றால் முகத்தைச் சுழிக்கிறாள். கடைசியாகப் போனபோது முயலைத் திரும்பியும் பார்க்காமல் ஸிப் லைன் பக்கம் ஓடிவிட்டாள், அதற்கும் தனிக்காசு. பல பண்ணைகள் இப்போது ஊஞ்சல், காற்றடித்த சறுக்கு, ஏடிவி வண்டிச் சவாரி என்று சேர்த்துக்கொண்டே போகின்றன. மிருகங்கள் ஒரு மூலைக்குப் போய்விட்டன. அவளை இப்போது கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கும் தலவத்துகொடை தியசரு பூங்காவுக்கும் கூட்டிப் போகிறோம். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது இந்த மாதிரி இடங்களால்தான். பலகைப் பாதையில் நடந்தால் நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், சின்ன முதலையளவு நீளமான கபரகொயா என்ற நீர் உடும்பு. தொட முடியாது, ஆனால் அவை கூட்டிலும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் பத்தரமுல்லை தியத்த உயனவில் அலங்கார மீன் கடைகளைப் பார்க்கக் காசே இல்லை. ஒரு சோடி கப்பி வாங்காமல் திரும்ப முடியாது என்பது வேறு கதை.

பிறந்தநாள் பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: கேக் வெட்டும் நேரத்தில் முயலைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. அந்தக் காசுக்கு வீட்டில் செய்யலாம். ஸ்கூல் ட்ரிப் மலிவு, ஆனால் இரண்டு பஸ் பிள்ளைகள் ஒரே கூட்டுக்குள்.

சின்னவனுக்கு இன்னும் மூன்று வருடமாவது இந்த ஆசை இருக்கும், ஆகவே போவதை நிறுத்தவில்லை. முறையை மாற்றிவிட்டோம். முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்கிறேன்: கூட்டுக்குள் ஆள் நிற்பாரா, ஒரு நேரத்துக்கு எத்தனை பிள்ளைகளை விடுவீர்கள், முயல்களுக்கு இடையில் ஓய்வு உண்டா. பெரும்பாலான இடங்களில் "வாங்கோ மேடம், எல்லாம் இருக்கு" என்ற பதில்தான். ஒரு இடத்தில் மட்டும் போனை எடுத்த பெண், முயல்களை இரண்டு செட்டாகப் பிரித்து மாறி மாறித்தான் வெளியே விடுவதாகவும், வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கே வந்தால் ஆட்டுக்குப் புல் போடும் ஆளோடு பிள்ளையையும் உள்ளே விடலாம் என்றும் சொன்னா. கிண்ணம் வாங்குவது கட்டாயமா என்று கேட்டேன், இல்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை சின்னவனுக்கு மொண்டிசூரியில் லீவு சொல்லியாயிற்று. மூத்தவள் வரமாட்டாளாம், ஸ்கூலுக்கே போகிறாளாம்.