மூன்று வருடத் தொலைக்கல்வி: எட்டுக் கோடும் ஒரு பென்சில் வரியும்

புதுக்குடியிருப்பில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அக்கா, நீங்கள் படிக்கிற இலக்கியப் படிப்புக்கு நானும் பதியட்டோ?" கட்டணம், பாட அலகு எல்லாம் அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் படித்தவள் என்ன சொல்கிறாள் என்பதுதான் வேண்டும்.

முதலில் கையேடு. வேலை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, 42 வயதில் கிரேக்கப் புராணம் படிக்கத் தொடங்கினேன். இக்காரசின் கதையில் அப்படியே நின்றுவிட்டேன். தகப்பன் டெடலஸ் இறகையும் மெழுகையும் சேர்த்துச் சிறகு செய்கிறான். மகன் இக்காரஸ் சூரியனுக்குக் கிட்டப் போக, மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். ரோமக் கவி ஓவிட் பாடும்போது மீன்பிடிப்பவன், இடையன், உழவன் மூவரும் பறப்பவர்களைப் பார்த்துத் தேவர்கள் என்று வியக்கிறார்கள். பிறகு பிளெமிய ஓவியர் புரூகலின் பெயரில் வழங்கும் ஓவியத்தில், உழவன் குனிந்தபடி உழுதுகொண்டே போகிறான். மூலையில் தண்ணீருக்கு மேலே இரண்டு கால் மட்டும். அந்தப் பக்கத்தின் அடியில், "ஏன் இந்த மாற்றம்? நிறுத்திவிட்டு எழுதுங்கள்" என்று எட்டு வெற்றுக் கோடு.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த வீட்டில் பிறந்தவள் நான். எட்டுக் கோடு எனக்கு எப்படிக் காணும்? கம்பனின் சம்பாதி வேறு வந்து நின்றான், தம்பி சடாயுவைச் சூரியச் சூட்டிலிருந்து மூடித் தன் சிறகு கருகியவன். டெடலஸ் முன்னால் பறந்தான், சம்பாதி மேலே பறந்தான். இதை வைத்து 14 பக்கத்தில் ஒப்படை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து வந்தது. 68 புள்ளி. பக்கத்துக்கு ஒரு சிவப்புச் சரி. ஒரு சொல் இல்லை.

இது சின்னக் குறை இல்லை. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கியபோதே, ஒப்படையில் ஆசிரியர் எழுதும் குறிப்பைக் கற்பித்தலின் ஒரு பகுதியாக வைத்தது. வகுப்பறை இல்லாத எங்களுக்கு ஆசிரியரின் குரல் அந்த ஓரக் குறிப்புத்தானே. முதல் வருடம் எனக்கு அது கிடைத்தது. இலக்கியமும் புராணமும் பல காலம் படிப்பித்துவிட்டு எங்களைப் போன்ற வளர்ந்தவர்களிடம் வந்த ஒரு சேர், தன் பிள்ளைகளையே கொன்ற கிரேக்கத் தாய் மெடியாவைப் பற்றிய என் ஒப்படையின் ஓரத்தில் பென்சிலால், "நல்லதங்காளை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காக இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் படித்தேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பிறகு வந்ததெல்லாம் சரி அடையாளம்.

இந்த மூன்று வருடத்தில் படித்ததை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் நேற்று இரவு தங்கச்சிக்கு இப்படித்தான் எழுதினேன்: "இந்த வருடம் பதியாதே. என் கையேட்டைத் தருகிறேன். எட்டுக் கோட்டையும் நிரப்பிக்கொண்டு வா, நான் வாசித்து ஓரத்தில் எழுதித் தருகிறேன்."