ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் டெஸ்ட்டா, அப்போ பி-யும் எல்பி-ஏவுமா: எதற்குக் காசு கொடுப்பது?

இதய செக்கப் பேக்கேஜ்களில் 'அட்வான்ஸ்டு' என்று போட்டு விற்கிற பட்டியலில் இப்போது ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் டெஸ்ட்டும் சேர்ந்து வருகிறது ('கெட்ட கொலஸ்ட்ரால்' என்கிறோமே, அதைச் சுமக்கிற துகள்தான் எல்டிஎல்). சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட் போதாது, ரத்தக்குழாயை உண்மையில் கெடுப்பது ஆக்ஸிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்தான், அதை அளந்தால்தான் ஆபத்து தெரியும் என்கிறார்கள். முதல் இரண்டையும் நான் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வழக்கமான லிப்பிட் புரொஃபைலுக்கு (கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு) மேல் ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் 'அப்போ பி' (apoB, எல்டிஎல் துகளில் இருக்கிற ஒரு புரதம்) எடுங்கள், இரண்டுக்கு இருந்தால் கூடவே எல்பி-ஏ (Lp(a), எல்டிஎல் மாதிரியே கொலஸ்ட்ராலைச் சுமக்கிற இன்னொரு துகள்). ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோட்பாடு. அது சும்மா விற்பனைக்காகக் கிளப்பிவிட்ட கதை இல்லை. 1970களின் கடைசியில் டெக்சஸில் கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் (1985-ல் நோபல் வாங்கியவர்கள்) ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி நுரை செல்லாக மாறுகிற மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல், சாதாரண எல்டிஎல்லைக் கொடுத்தால் பெரிதாகச் சீண்டுவதில்லை. அதே எல்டிஎல்லை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் நிறுத்தாமல் விழுங்குகிறது. அப்படியானால் உடம்புக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது? சான் டியேகோவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழு 1980களில் கொண்டுவந்த பதில்: ஆக்ஸிஜனேற்றம். 1989-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஸ்டைன்பெர்க், சம்பத் பார்த்தசாரதி, விட்ஸ்டம் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே திருப்பம் மாதிரி அமைந்தது. நாள்பட்ட முறுக்கில் சிக்கு வாடை வருகிறதே, எண்ணெய்க்கு நடக்கிற அதே வேதிவினைதான் குழாய்ச் சுவரில் மாட்டிக்கொண்ட எல்டிஎல்லின் கொழுப்பிலும் நடக்கிறது.

இங்கே 'சுவரில்' என்பதை விட்டுவிடக் கூடாது. ஓடுகிற ரத்தத்தில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருட்கள் நிறைய இருக்கின்றன, நன்றாகக் கெட்டுப்போன துகளைக் கல்லீரல் சீக்கிரம் பிடித்து அகற்றியும் விடுகிறது. அதனால் கையில் ஊசி போட்டு எடுக்கிற ரத்தத்தில் கிடைப்பது லேசாக மாறிய துகள்கள், அதுவும் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. கோட்பாடு சொல்வது சுவருக்குள் நடப்பதை, லேப் அளப்பது குழாயில் ஓடுவதை.

அடுத்த சிக்கல், 'ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல்' என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. ஒரு எல்டிஎல் துகளில் கொழுப்பும் புரதமும் எத்தனையோ இடங்களில் எத்தனையோ விதமாக மாறலாம். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஏதோ ஒரு ஆன்டிபாடியை (குறிப்பிட்ட ஒரு அமைப்போடு ஒட்டிக்கொள்கிற புரதத்தை) வைத்து அதில் ஏதோ ஒரு மாற்றத்தை மட்டும் பிடிக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஹோல்வூட் குழு உருவாக்கிய 4இ6 ஆன்டிபாடி, அப்போ பி புரதத்தில் வந்த மாற்றத்தைப் பார்க்கிறது. ஸ்வீடனின் மெர்கோடியா நிறுவனம் விற்கிற டெஸ்ட் கிட்டில் இருப்பது இதுதான், ஆய்வுகளில் அதிகம் புழங்குவதும் இதுதான். சான் டியேகோவில் இருந்து வந்த இ06, ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிட் என்ற ஒரு வகைக் கொழுப்பைப் பிடிக்கிறது. ஜப்பானில் டிஎல்எச்3 என்று ஒன்று, அப்புறம் எம்டிஏ-எல்டிஎல் என்று இன்னொன்று. இவை ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. ஒரு லேபில் வந்த எண்ணை வேறு முறையில் அளக்கிற லேபின் எண்ணோடு வைத்து 'குறைந்திருக்கிறது, கூடியிருக்கிறது' என்று பேசவே முடியாது, ஏனென்றால் அளந்த பொருளே வேறு.

இனி ஒப்பீட்டுக்கு வரலாம். 4இ6 டெஸ்ட்டை அப்போ பி-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் சரியாக ஒரே ஒரு அப்போ பி புரதம் இருக்கும். அதனால் ரத்தத்தில் அப்போ பி-யை அளந்தால், சுவருக்குள் புகக்கூடிய துகள்களின் எண்ணிக்கையையே அளந்த மாதிரி. 4இ6 தேடுவதும் அதே புரதத்தின் மேல் இருக்கிற மாற்றத்தைத்தான், மாறாத எல்டிஎல்லோடும் அது கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்ற விமர்சனமும் உண்டு. ஆக, துகள் அதிகமாக இருக்கிறவருக்கு இந்த எண்ணும் அதிகமாக வரும், ஸ்டாடின் (எல்டிஎல்லைக் குறைக்கிற மாத்திரை) சாப்பிட்டுத் துகள் குறைந்தால் இதுவும் கூடவே குறையும். ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் பகுதி ஆண்களிடம் 2005-ல் வந்த ஆய்வில், இந்த அளவு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்தது. மற்ற லிப்பிட் அளவுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் செவிலியர்களையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளின் ரத்த மாதிரிகளில் இதே 4இ6 முறையில் பார்த்தபோது, அப்போ பி போன்ற அளவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல்லுக்கு என்று தனியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது, ஏனென்றால் அது கேட்ட கேள்விதான் நம்முடைய கேள்வி: அப்போ பி தெரிந்த பிறகு இது புதிதாக என்ன சொல்கிறது?

இன்னொரு பக்கம் இ06. இதன் கதை இன்னும் சுவாரசியம். ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிட்டுகள் ரத்தத்தில் எங்கே தொற்றிக்கொண்டிருக்கின்றன என்று தேடிப் போனால், பெரும்பகுதி எல்பி-ஏ என்ற துகளின் மேல் இருக்கின்றன. 2005-ல் ட்சிமிகாஸ் குழு, இதய ஆஞ்சியோ செய்த 504 பேரிடம் பார்த்தபோது இந்த அளவும் எல்பி-ஏவும் மிக நெருக்கமாகச் சேர்ந்தே ஏறி இறங்கின. ஆக இ06 எடுத்தால் நீங்கள் தெரிந்துகொள்வது பெரும்பாலும் உங்கள் எல்பி-ஏ அளவைத்தான். அந்த எல்பி-ஏவை நேரடியாகவே அளக்கலாமே, அதுவும் ஊரில் பல லேப்களில் கிடைக்கிற டெஸ்ட்டாக.

கேட்க நன்றாக இருக்கிற ஒரே பெயரில் இரண்டு டெஸ்ட், ஒன்று சொல்வதை அப்போ பி பெரும்பாலும் சொல்லிவிடுகிறது, மற்றதை எல்பி-ஏ சொல்லிவிடுகிறது. என் முடிவுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

சரி, அப்படியே ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர் என்ன செய்வார்? ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும், அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். புரோபுகால் என்ற மருந்து முயல்களின் குழாயில் படிவைக் குறைத்தது. மனிதர்களின் தொடைத் தமனியில் 1994-ல் வந்த ஸ்வீடன் ஆய்வில் பலன் தெரியவில்லை. 2000-ல் வந்த ஹோப் ஆய்வில் சுமார் 9,500 பேரில் வைட்டமின் இ 400 யூனிட் தினமும் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது பிரிட்டனின் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி, 2002. 20,536 பேர், ஐந்து வருடம், ஒரே ஆய்வுக்குள் இரண்டு சோதனை. வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததில் இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை. அதே மக்களிடம் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் 40 மில்லிகிராம் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன. துகளின் எண்ணிக்கையைக் குறைத்தது வேலை செய்தது, ஆக்ஸிஜனேற்றத்தை மாத்திரையால் தடுக்கப் போனது வேலை செய்யவில்லை. அதனால் ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் கூடுதலாக வந்தாலும் டாக்டர் கையில் இருப்பது எல்டிஎல்லைக் குறைக்கிற அதே மருந்து, அதே நடை, அதே சிகரெட்டை நிறுத்தச் சொல்வது. அந்த முடிவை எடுக்க அப்போ பி போதும்.

ரத்தம் எடுக்கிற இடத்திலும் இதற்குத் தலைவலி உண்டு. எடுத்த பிறகு குழாயிலேயே ஆக்ஸிஜனேற்றம் தொடரக்கூடும். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கிற பொருள்) போட்ட குழாயில் எடுத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து அனுப்ப வேண்டும். சின்ன ஊர் கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்த ரத்தம் சாயங்கால வண்டியில் பெருநகர லேபுக்குப் போகிறது என்றால், வருகிற எண்ணில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு வழியில் நடந்தது? அப்போ பி-க்கு இந்தக் கவலை குறைவு. சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம், உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுத்தரமும் இருப்பதால் லேப் மாறினாலும் எண் ஓரளவு ஒத்துவரும்.

நம் ஆட்களுக்கு அப்போ பி ஏன் இன்னும் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மொத்த கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் ('நல்ல கொலஸ்ட்ரால்') 35, ட்ரைகிளிசரைடு 250 என்று வையுங்கள், சர்க்கரையும் தொப்பையும் இருக்கிற நம்மூர் நடுவயதுக்காரர் ரிப்போர்ட்டில் அடிக்கடி பார்க்கிற வகை. வழக்கமான சூத்திரப்படி மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வருகிற 50-ஐயும் கழித்தால் எல்டிஎல் 105. 'பரவாயில்லையே' என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறும்போது எல்டிஎல் துகள் சின்னதாகி, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைந்துவிடும், அதாவது அதே 105-ஐச் சுமக்க அதிகத் துகள்கள் வேண்டும். அப்போ பி இதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் காசு இல்லையென்றால் மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 190-ல் 35 போனால் 155. இதுதான் நான்-எச்டிஎல், இதற்குக் கூடுதலாக ஒரு பைசா கிடையாது, எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டி வருகிற எண்ணுக்குக் கீழே இது இருக்க வேண்டும்.

எல்பி-ஏ வேறு ரகம். அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாவது, சாப்பாட்டாலும் நடையாலும் அதிகம் அசையாது. அதனால் ஒரு தடவை அளந்தால் பொதுவாகப் போதும். ஐரோப்பிய வழிகாட்டுதலும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறது. 2018 அமெரிக்க வழிகாட்டுதலில் ஆபத்தைக் கூட்டுகிறவை என்று ஒரு பட்டியல் உண்டு: எல்பி-ஏ டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் (இன்னொரு அலகில் லிட்டருக்கு 125 நானோமோல்) அல்லது அதற்கு மேல், அப்போ பி 130 அல்லது அதற்கு மேல், எச்எஸ்-சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டுகிற புரதம்) 2 அல்லது அதற்கு மேல், தெற்காசிய வம்சாவளி என்பதே தனியாக ஒன்று. ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. குடும்பத்தில் ஆண்களுக்கு 55-க்கு முன்போ பெண்களுக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் எல்பி-ஏவைத் தள்ளிப்போடாதீர்கள். அதைக் குறைப்பதற்கென்றே பெலகார்சென், ஓல்பசிரான் போன்ற மருந்துகள் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவை வருவதற்கு முன்பும், எல்பி-ஏ அதிகம் என்று தெரிந்தால் எல்டிஎல்லை இன்னும் கீழே இறக்க முடிவெடுக்கலாம், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் டெஸ்ட் பண்ணச் சொல்லலாம்.

இதயத்துக்கு எடுக்கிற வேறு இரண்டு டெஸ்ட்டைப் பற்றியும் சுருக்கமாக. எச்எஸ்-சிஆர்பி மலிவு, ஆனால் சளி, காய்ச்சல், பல்லில் சீழ் என்று எது இருந்தாலும் ஏறிவிடும், 10-க்கு மேல் வந்தால் உடம்பு சரியான பிறகு திரும்பப் பாருங்கள். கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் இதயக் குழாயில் ஏற்கெனவே படிந்து இறுகியதைக் காட்டும், இளம் வயதில் மென்மையாக இருக்கிற படிவை விட்டுவிடலாம்.

ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் டெஸ்ட்டே வேண்டாத ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிக்கு அது தேவை. ஜப்பானில் எம்டிஏ-எல்டிஎல்லுக்கு அரசுக் காப்பீடே உண்டு, ஆனால் யாருக்கு என்று பாருங்கள்: இதயக் குழாய் நோய் ஏற்கெனவே வந்த சர்க்கரை நோயாளிகள் போன்ற குறுகிய வட்டத்துக்கு மட்டும். ஆரோக்கியமாக இருக்கிறவரின் வருடாந்திர செக்கப்புக்கு அங்கேயும் அது இல்லை.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், அதிகம் என்று வந்திருக்கிறது என்றால் பதறி வைட்டமின் இ வாங்கி விழுங்க வேண்டாம். அதே ரிப்போர்ட்டில் நான்-எச்டிஎல்லைக் கணக்குப் போடுங்கள், அப்போ பி-யும் எல்பி-ஏவும் எடுங்கள், பிபி, சர்க்கரை அளவோடு சேர்த்து மூன்றையும் டாக்டரிடம் காட்டி ஸ்டாடின் வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள்.