புது வார்ப்பில் பழைய ஃப்ளாட்ஹெட்: ஏழு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1931 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர். அதில் உட்கார்ந்திருப்பது, சிலிண்டர்களை மூடும் ஹெட் தட்டையாக இருக்கும் 1951-ஆம் வருடத்து ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8 என்ஜின். என்ஜினின் உடலான பிளாக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டும் மட்டும்தான் பழசு. பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற இரண்டு அலுமினிய ஹெட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஜோடி ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர், அந்தக் கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் பழைய வடிவத்திலேயே இப்போது புதிதாக வார்த்தவை. 2018-ல் மாட்டினேன், இதுவரை 14,000 மைல் ஓட்டியிருக்கிறேன். இந்த மாதிரி மறுவார்ப்புச் சாமான் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவட்டும்.

ஃபோர்டு இந்த வி8-ஐ 1932-ல் கொண்டுவந்தது. சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டரையும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாகச் செய்ததால்தான் சாமானியன் வாங்கும் விலைக்கு எட்டு சிலிண்டர் கார் வந்தது. அமெரிக்கக் கார்களில் 1953 வரை இருந்தது. என்னுடையது கடைசிக் காலத்து 239 கன அங்குலம். வால்வு எல்லாம் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் என்பது வெறும் மூடி மாதிரிதான். அதைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) கூடுதலான அலுமினிய ஹெட்டை மாட்டி, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்து, கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் காரை விரட்டினார்கள் அந்தக் காலத்துப் பையன்கள். பந்தயச் சாமான் கம்பெனி தொடங்கிய விக் எடல்பிராக் அப்படிக் கிளம்பியவர்தான். அவர் பெயரிலும் ஆஃபன்ஹவுசர் என்ற இன்னொரு தயாரிப்பாளர் பெயரிலும் ஃப்ளாட்ஹெட் ஹெட்டுகள் புதிதாகக் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துவிடும்.

ஹெட் வந்த அன்று பெட்டியைப் பிரித்துச் சமையலறை மேஜையில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளிர்விக்கும் பட்டைகள் வரிசையாக, மேல்பக்கம் மட்டும் மெருகேற்றி, பள்ளங்களில் மணல் வார்ப்பின் சொரசொரப்பை அப்படியே விட்டிருந்தார்கள். விரல் வைத்து இழுத்தால் வழவழப்பும் சொரசொரப்பும் மாறி மாறி வரும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் பக்கம் கண்ணாடி மாதிரி. நேர் விளிம்பு வைத்து, அதன் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை. பக்கத்துத் தெருவில் எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பட்டறைச் சுவரில் 1940-களின் அசல் ஜோடி ஒன்று தொங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அசலில் எழுத்துகளின் விளிம்பு கொஞ்சம் மழுங்கல், தண்ணீர் போகும் துளைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் போய்க் குழி விழுந்திருந்தது. அது சுவரில் இருப்பதற்குக் காரணமே அந்தக் குழிதான்.

மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து வைப்பது ஸ்டட் என்ற மரைக் கம்பிகள்; ஒரு ஹெட்டுக்கு 24, மொத்தம் 48. பலவற்றின் அடிப்பகுதி தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகிறது. மரையில் கசிவை அடைக்கும் சீலர் தடவாமல் முடுக்கினால் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) மெல்ல ஏறி நட்டுக்கடியில் பூக்கும். நான் இரண்டு ஸ்டட்டில் அவசரப்பட்டேன், மூன்றாவது வாரமே பச்சைக் கறை தெரிந்தது. திரும்பக் கழற்றி, சீலர் தடவி, முறைப்படி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்கினேன். என்ஜின் சூடாகி ஆறியபின் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை மறுபடி போட வேண்டும், மூன்று முறையாவது. அப்புறம் இன்று வரை ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் என்பதால் அரிப்புத் தடுப்பு சேர்ந்த கூலண்ட் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். போன வருடம் ஒரு பக்க ஹெட்டைக் கழற்றியபோது தண்ணீர்த் துளைகள் வார்த்த அன்று இருந்தது போலவே இருந்தன.

அடுத்து கார்புரேட்டர். 97 என்ற பெயர் வெஞ்சுரியின் (கார்புரேட்டரில் காற்று போகும் குறுகிய கழுத்து) விட்டம் 0.97 அங்குலம் என்பதால் வந்தது. ஃபோர்டு வி8-களில் 1936-லிருந்து 1938 வரை அது வந்தது. அசலை ஒட்டி இப்போது இங்கிலாந்தில் புதிதாகச் செய்கிறார்கள். பழைய 97-இல், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் திரும்பும் த்ராட்டில் ஷாஃப்ட் ஓடும் துளை தேய்ந்து காற்று இழுக்கும், ஐட்லிங் (மிதிக்காமல் விட்டால் என்ஜின் மெல்ல ஓடுவது) ஒருநாளும் சீராக இருக்காது. புதியதில் அந்தத் தொல்லை இல்லை. ஏழு வருடத்தில் பெட்ரோல் போகும் சிறு துளைகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்ததும் ஒரு ஃப்ளோட் கேஸ்கட் மாற்றியதும்தான் நான் செய்த வேலை.

முதல் வருடம் மட்டும் பெரும்பாடு. டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் வாடை, ஒருநாள் மேனிஃபோல்டு மேலேயே ஈரம். கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டே இரண்டு முறை பிரித்தேன், குறையே இல்லை. கடைசியில் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால், நான் வாங்கியிருந்த புது ஃப்யூயல் பம்ப் 5 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம்) மேல் தள்ளிக்கொண்டிருந்தது. 97-க்கு இரண்டரை போதும். நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு ரெகுலேட்டர் போட்டதும் வாடை போயிற்று. சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே யார் 97 வாங்கினாலும் முதல் நாளே கேஜ் வைத்துப் பாருங்கள்.

இரண்டு கார்புரேட்டரையும் ஒத்திசைக்க நான் பழகியது பெரியவர் காட்டிய வழி. ஓரடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டர் வாயருகே பிடிக்க வேண்டும், அப்புறம் இரண்டாவது. ‘உஸ்’ என்ற அந்தச் சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைத் திருகு என்று நகர்த்த வேண்டும். சேர்ந்துவிட்டால் என்ஜின் முழுக்கவே அமைதியாகிவிடும். அந்த நொடிக்காகவே மாதம் ஒரு முறை அதைச் செய்கிறேன்.

சூடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் புகை சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கைக் குறுக்காகத் தாண்டி, தண்ணீர் அறைகளுக்கு நடுவே வெளியேறுகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான், நடு இரண்டும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த உறுமல் சத்தம் அதனால்தான், ரேடியேட்டர் கொதிப்பதும் அதனால்தான். அலுமினிய ஹெட் போட்டால் ஓவர்ஹீட் தீர்ந்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். எனக்குச் சாதாரணமாக 180 டிகிரி ஃபாரன்ஹீட், ஆகஸ்ட் மாத டிராஃபிக்கில் 210 தொடும். நல்ல ரேடியேட்டரும் ஒழுங்கான இரண்டு வாட்டர் பம்ப்பும்தான் உதவின.

ஓட்டுவதில் வித்தியாசம் தெரியுமா? தெரியும். மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. மைலேஜ் காலனுக்கு 14, 15. ஆயில் மட்டும் துத்தநாகச் சேர்மம் உள்ளதாகப் பார்த்து ஊற்றுகிறேன், வால்வைத் தள்ளும் டேப்பட் தட்டையாக இருக்கும் என்ஜினுக்கு அது வேண்டும்.

அசல் என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடக்கும் ரோட்ஸ்டர் கண்காட்சியில் ஆர்டன் ஹெட் போட்ட ஒரு ஃப்ளாட்ஹெட்டின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். பின்னாளில் செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயர் வாங்கித் தந்த ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் நாற்பதுகளில் இதே பிளாக்குக்காகச் செய்தது அது. வால்வுகள் பிளாக்கில் இல்லாமல் ஹெட்டிலேயே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு அமைப்பு, அரைக்கோள எரியறை. அசல் கிடைப்பது மிக அபூர்வம், கிடைத்தாலும் யாரும் தெருவில் ஓட்டத் துணிய மாட்டார்கள். நான் பார்த்தது மறுவார்ப்பு. உரிமையாளர் சாவியைத் திருப்பினார், சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். யாரோ ஒருவர் அச்சை மறுபடி செதுக்கி, மறுபடி உருக்கி ஊற்றியதால்தானே அந்தச் சத்தம் என் காதுக்கு வந்தது.

பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்ததும் ஒரு கையை ஹெட் மேல் வைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் போகும்வரை எடுக்க மாட்டார். போன வாரம் இடது பக்கக் கார்புரேட்டர் கொஞ்சம் பின்தங்குகிறது என்றார். குழாய் வைத்துக் கேட்டேன், உண்மைதான். கால் திருகு.